சமையலறை ஜன்னலில் இருந்த எக்ஸ்ரே படத்தின் தேதி குறித்து

அனுப்புநர்
தையற்காரம்மா,
(காலஞ்சென்ற தகடு அறுப்பாளரின் மனைவி)
ஆலைக் குடியிருப்பு, கடைசி வரிசை,
தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வீடு.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் இறந்த என் கணவரின் இழப்பீட்டு மனு, காலம் கடந்தது எனத் தள்ளப்பட்டதை மறுபடி பரிசீலிக்கவும், என் சொந்த மனுவை இன்றைய தேதியிலேயே பதிவு செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு ஆலையில் முப்பத்தொரு வருடம் தகடு அறுத்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் முதன்முதலாக, இது அந்தத் தூசியால் வந்த நோய் என்று சொன்னார். சென்ற வருடம் என் கணவர் இறந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

2. நோய் தெரிந்து இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆறு மாதத்துக்கு முன்பே செய்துவிட்டேன். அப்போது தங்கள் அலுவலக எழுத்தர், “பழைய படம் ஏதாவது இருந்தா சேர்த்துக் குடுங்கம்மா, கேஸ் பலமா இருக்கும்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

3. பழைய படம் ஒன்று இருந்தது. என் கணவர் ஓய்வுபெற்ற வருடம் ஆலைக்கு எக்ஸ்ரே வண்டி வந்தது. அறிக்கை ஆலை அலுவலகத்துக்குப் போனது; படம் மட்டும் அவர் கைக்கு வந்தது. மேற்பார்வையாளர், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போய் வேலையைப் பாருங்கப்பா” என்றாராம். அந்த வாரம் எங்கள் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. இவர் கை சும்மா இருக்காது. படத்தை அளவாக நறுக்கி, நான்கு மூலையிலும் ஆணி அடித்து அங்கே பொருத்திவிட்டார். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

4. ஏழரை வருடம் அந்தப் படத்தின் வழியாக வந்த வெளிச்சத்தில்தான் நான் சமைத்தேன். “எலும்பையெல்லாம் எண்ணிட்டேன், கணக்கு சரியா இருக்கு” என்று அவரைக் கேலி செய்வேன். “உனக்கு வேற வேலை இல்ல” என்பார். படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. அழுக்கு என்று நினைத்து எத்தனையோ முறை சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறேன் ஐயா. போகவில்லை.

5. அந்தப் படத்தைத்தான் நானே ஆணி பிடுங்கி, துடைத்து, கொண்டுவந்து கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். சென்ற மாதம் எழுத்தர் அழைத்து, “படத்துல தேதி இருக்கேம்மா, எட்டு வருஷம் ஆச்சே. அப்பவே தெரிஞ்சிருக்குன்னு எழுதிட்டாங்க. நான் என்ன பண்ண?” என்றார். தெரிந்திருந்தால் நோயை யாராவது சோப்பு போட்டுத் தேய்ப்பார்களா? இதைத் தாங்களே சொல்ல வேண்டும். தூசி உள்ளே போய் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்கிறார் டாக்டர். அறிக்கையை வைத்திருந்தது ஆலை. தெரியும் என்றால் அவர்களுக்குத்தான் தெரியும்.

6. இதுவரை பதினோரு முறை தங்கள் அலுவலகம் வந்திருக்கிறேன். அலைச்சல் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் தையல் மிஷின் நின்றால் வேறு சத்தம் கிடையாது. தங்கள் வரிசையில் நிற்கிற நாளில்தான் யாராவது என்னை “அம்மா” என்கிறார்கள்.

7. மூன்று மாதமாக எனக்கும் இருமல். சனிக்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். “நீங்களும் ஆலையில வேலை பாத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார். இல்லை, என் கணவர் சட்டையை உதறித் துவைத்தேன் என்றேன். டாக்டர் படத்தை என்னிடம் நீட்டினார். படத்தை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான திட்டுகள்தான்.

8. ஆகவே, என் கணவருக்கு நோய் தெரிந்த நாளாக டாக்டர் சொன்ன நாளையே கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மனுவையும் இத்துடன் வைத்துள்ளேன். நான் ஆலைத் தொழிலாளி இல்லை; படிவத்தில் எனக்கென்று கட்டம் இல்லை. ‘தொழில்’ என்ற இடத்தில் ‘துணி துவைத்தது’ என்று எழுதியிருக்கிறேன். தவறென்றால் திருத்திக்கொள்ளவும். ஆனால் இரண்டு பிரதியிலும் இன்றைய தேதி முத்திரையைத் தயவுசெய்து குத்திக் கொடுங்கள். அவருக்காக வரிசையில் நிற்க நான் இருந்தேன். எனக்காக வந்து நிற்க யாருமில்லை ஐயா.

முத்திரை விழும்வரை வெளியே பெஞ்சில் காத்திருக்கும்,

(கையொப்பம்)
தையற்காரம்மா

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: 14ஆம் தேதி, திங்கட்கிழமை

இணைப்பு:
1. தள்ளுபடிக் கடிதத்தின் நகல்; என் மனு, இரண்டு பிரதி.
2. டாக்டர் சான்றிதழ், இரண்டு வருடத்துக்கு முந்தையது.
3. என் எக்ஸ்ரே படம். 12ஆம் தேதி எடுத்தது. ஆணி ஓட்டை இல்லை.