கல்யாணத்துக்காக நிறுத்திய சொட்டு மருந்து

ஸ்னோய்மோ, செக் நாடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள க்வேதாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வெள்ளரிக்காய் ஊறப்போட்டு முடித்தாயிற்று. பக்கத்து வீட்டு ஸ்டெங்கா, கல்யாணப் பலகாரம் எப்போது வரும் என்று இப்போதே வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்கிறாள்.

அப்பாவின் கால் இழுத்துக்கொள்வதற்கு டாக்டர் கொடுத்த கஞ்சா எண்ணெயை நீ மறந்திருக்க மாட்டாய். முதல் தடவை அவசரப்பட்டுக் கூடுதலாக விட்டுக்கொண்டு, வானிலை அறிக்கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாரே! ஒரு சட்டி மாவுருண்டையையும் காலி செய்தார். பிறகு அளவு பிடிபட்டது. வாய் உலர்ந்தது, பேச்சு நடுவில் தொலைந்தது, கார் ஓட்டக் கூடாது என்றார்கள். ஆனாலும் கால் இளகியது. "கியரை மாத்துடி, வண்டி அழுவுது" என்று நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து என் உயிரை வாங்கினாலும், மனிதர் சந்தைக்குத் தானே நடந்து போனார்.

இப்போது அதை நிறுத்திவிட்டார். அந்த மருந்தை உன் ஊருக்குள் கொண்டுவர முடியாது, உடம்பிலும் வாரக்கணக்கில் தங்கி, சோதித்தால் காட்டிக்கொடுத்துவிடுமாம். "எம் பொண்ணு கல்யாணத்துல போலீஸ் வந்து நிக்கணுமா?" என்கிறார். டாக்டர் மாற்றிக் கொடுத்தது, முன்பே பலிக்காத அந்த மாத்திரைதான்.

சாக்ஸ் போடக்கூட முடியவில்லை. நேற்று குளியலறையில் கால் மடங்காமல் மாட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிட வெட்கப்பட்டு, உள்ளே பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடுகிறவரா? அதனால்தான் கதவைத் திறந்தேன். கல்யாணத்தன்று வாசலிலிருந்து மேடைவரை அவரே உன்னைக் கைபிடித்து அழைத்துவர வேண்டுமாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகுகிறார். "அவகிட்ட மூச்சு விட்டே, அவ்வளவுதான்" என்று எனக்கு மிரட்டல் வேறு.

கல்யாணத்தை இங்கே மாற்று என்று கேட்க மாட்டேன். மாப்பிள்ளையின் தாயார் படுக்கையை விட்டு எழ முடியாதவர் என்று தெரியும்.

நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார். "அப்பா, நீங்க வர வேணாம்" என்று நீயே சொல்லிவிடு, க்வேதா. காரணம் சொல்லாதே. சொன்னால், எனக்கென்ன என்று எழுந்து நின்று காட்டுவார். கோபித்துக்கொள்வார், அழுவார். அழட்டும். பக்கத்தில் நான் இருப்பேன், அன்றைக்கே அந்த எண்ணெயைக் கொடுத்துவிடுவேன். உன் பக்கத்தில்தான் எங்களில் யாரும் இருக்க மாட்டோம்.

இரண்டு பேரும் நீடூழி வாழுங்கள். வாசலில் கைபிடிக்க ஆள் இல்லையே என்று நின்றுவிடாதே, கண்ணே. நிமிர்ந்து நட.

உன் அம்மா,
ட்ராஹோமிரா