ஃப்ரிட்ஜில் கட்டிய நோட்டு

பிப்ரவரி 9, திங்கள்

காலையிலிருந்தே தூசிக் காற்று. சைட்டில் வேலை இல்லை, பத்து மணிக்கே ரூம். வந்து உட்கார்ந்ததும் அயர்லாந்து விசா ஆபீஸ் மெயில். மூன்று தடவை படித்தேன்.

கல்யாணச் சான்றிதழ் மட்டும் போதாதாம். ஸ்டெல்லாவும் நானும் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். பதினாலு நாள் கெடு. தவறினால் நான் அயர்லாந்தில் அவளிடம் போய்ச் சேர வழியில்லை.

கோளாறு எங்கே என்று தெரியும். இங்கே குவைத்தில் இருந்தபோது அவள் சிவில் ஐடி அட்டையில் ஆஸ்பத்திரி நர்ஸ் குவார்ட்டர்ஸ் முகவரி. என்னுடையதில் கம்பெனி கேம்ப். இங்கே பாதிப் பேர் அப்படித்தான். குடியிருந்தது என்னவோ நாலு வருஷமும் அப்பாசியாவில், இதே ஒற்றை ரூமில். காகிதத்தில் ஒரு நாள்கூட இல்லை.

பிப். 10, செவ்வாய்

ஃப்ளாட் வர்கீஸ் சேட்டன் பேரில். நமக்கு அதில் ஷேரிங் ரூம். ஒரு கடிதம் கேட்டேன்.

"மோனே, சோறு வேணும்னா கேளு. லெட்டர் மட்டும் கேக்காதே. ரூம் உள்வாடகைக்கு விட்டது தெரிஞ்சா நானும் தெருவிலாக்கும்."

அவர் சொல்வதும் சரிதான்.

கைவசம்:
கல்யாண ஆல்பம் 1.
குவைத்தில் இருவரும் சேர்ந்த போட்டோ 2. ஒன்றில் என் தலை பாதி.
சேர்ந்து ஊருக்குப் போன டிக்கெட் – மாஃபி, ஒன்றுகூட இல்லை. லீவு ஒன்றாகக் கிடைத்ததே இல்லை.

அவளுக்கு நைட் டியூட்டி, எனக்குப் பகல். நான் செருப்பு மாட்டும்போது அவள் லிஃப்டில் வருவாள். இதை எந்த ஆபீசரிடம் போய் விளக்க? எரிச்சல். கொஞ்சம் பயமும்.

வரும்போது வெங்காயம், சோப்பு. மறந்தேன்.

பிப். 12, வியாழன்

ஸ்டெல்லா ஃபோன். அங்கே மழை, துணி காயவில்லையாம். மெயிலைச் சொன்னேன். வார்த்தை வார்த்தையாக வாசிக்கச் சொன்னாள். பிறகு,

"ஃப்ரிட்ஜ்ல கட்டிப் போட்ட நோட்டு இரிக்கா?"

இருக்கிறது. ஒருவர் முகம் ஒருவர் பார்க்க நேரமில்லாமல், பேச வேண்டியதை எல்லாம் அதில்தான் எழுதிக்கொண்டோம். அவள் போய்ப் பதினொரு மாதம். அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது. தொடவில்லை.

"அதுல சண்டையெல்லாம் கிடக்குடீ."

"கிடக்கட்டும். சண்டை போடாத புருசன் பொண்டாட்டி எங்க இரிக்காவ? எல்லாத்தையும் குடுங்க."

பிப். 13, வெள்ளி

லீவு. டைப்பிங் சென்டர் துரை அண்ணன். தூத்துக்குடிக்காரர், தமிழை இங்கிலீஷாக்கி முத்திரை வைத்துத் தருபவர். நோட்டைச் சத்தமாக வாசிக்கிறார், மனுஷனுக்குக் கூச்சமே இல்லை.

"'சூரை மீன் கொழம்பு கீழ்த்தட்டுல.' 'உப்பு இல்ல.' 'உப்பு இல்லன்னா நாளைக்கு நீங்களே வைங்க.'"

வரிசையில் நின்றவன் சிரித்தான். கடைசியில் பதினோரு நாள் 'சோறு இரிக்கு' மட்டும். வேறு ஒரு சொல் இல்லை.

"பெரிய சண்டையோ?"

அயர்லாந்து வேலை வந்த சமயம். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டை. அவர் இன்னொரு பக்கம் திருப்பினார். அவள் கடைசி டியூட்டிக்குப் போன சாயங்காலம் எழுதியது.

"'நான் போறது பிடிக்கலன்னா இப்பமாவது சொல்லுங்க. ஃபோன்ல வேண்டாம், எழுதுங்க. காலையில வந்து பாக்குதேன்.'"

கீழே வெள்ளை. அன்று வீம்பில் நான் நோட்டைத் திறக்கவே இல்லை, இன்றுதான் கேட்கிறேன். காலையில் வந்து அந்த வெள்ளையைத்தான் பார்த்திருக்கிறாள். மறுநாள் ஏர்போர்ட் வரை பெட்டி தூக்கினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாவி நான்.

"தம்பி, இந்தப் பக்கம் வேண்டாமே. உமக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு ஆபீசர் நெனச்சிட்டாம்னா?"

நாளை மறுநாள் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிப். 15, ஞாயிறு

தூசி அடங்கியது. ஃபோர்மேனிடம் கெஞ்சி அரை நாள் பெர்மிஷன். எல்லாப் பக்கமும் கொடுத்தேன், அதையும் சேர்த்து. அவள் எல்லாத்தையும் என்றுதானே சொன்னாள்.

அந்த வெள்ளை இடத்தில் எழுதப் பேனா எடுத்தேன். துரை அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "தொடாதீய தம்பி! இனி இது டாக்குமெண்ட்."

ஃபோனிலும் கூடாது என்றிருக்கிறாள். இந்த டைரியில் எழுதி, படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும்.

பிடிக்கல ஸ்டெல்லா. நீ போனது கொஞ்சமும் பிடிக்கல. அதனாலதான் நானும் வாறேன்.