தோணிக்கு முன்னால் ஒரு கடற்கரை

தோணியில் கொழும்புக்குப் போன உங்களுக்கு,

மடத்துச் சிஸ்டரிடம் துணியில் அச்சிடவும் தைக்கவும் கற்கிறேன். துணியின் ஓரத்தில் நம் கடற்கரையைத் தைத்துவிட்டு, அதைப் பார்த்து வரும் தோணியை மரக்கட்டையில் செதுக்கினேன். அச்சில் இடம் வலம் மாறிவிடும் என்பதை மறந்துபோனேன். துணியில் தோணி கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. சாயமும் அழியாது.

மாமி பார்த்தார்கள். "புயல்ல போன தோணி இனி வராது, ஏளா. ஞாயித்துக்கெழம எம்மவனுக்கு ஆத்தும பூசை வச்சிருவோம்" என்றார்கள்.

நான் தோணிக்கு முன்னால், மறு ஓரத்திலும் ஒரு கடற்கரையைத் தைக்கத் தொடங்கினேன்.

"ரெண்டு பக்கமும் கரைன்னா கடல் எங்கன ஏளா?"

"கடலுக்கு எடம் விடல, மாமி."

மாமி பூசைக்குச் சொல்லிவைக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். கட்டிலில் எனக்கொரு கறுப்புச் சேலை இருக்கிறது. நான் இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

கரையிலிருந்து,
உங்கள் மனைவி