புள்ளி விசை

12-11

அன்புள்ள சிவப்புப் பேனா,

நலமா என்று கேட்டால் 'மொட்டைக் கேள்வி' என்று ஓரத்தில் எழுதுவாய். ஆகவே வேறு மாதிரி கேட்கிறேன். இரவில் இருமல் குறைந்ததா? உன் அண்ணன் வீட்டு மாடிப்படி ஏற முடிகிறதா? அச்சகத்திலிருந்து திருத்துவதற்கு மெய்ப்பு வருகிறதா, அல்லது உனக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்களா?

தொலைபேசி வேண்டாம், கடிதம் போதும் என்று நீ முடிவு செய்தது சரி. கடைசி அழைப்பில் நீ ஏதோ சொன்னாய். 'என்ன?' என்றேன். மறுபடி சொன்னாய். மறுபடி 'என்ன?' பிறகு இணைப்பு போய்விட்டது. போகவில்லை, நீ துண்டித்தாய். குழறியது உன் நாக்கு. வாயடைத்துப் போனவன் நான்.

நாக்கோடு நிற்கும் என்றும் மருத்துவர் சொல்லவில்லை, நிற்காது என்றும் சொல்லவில்லை. காத்திருக்கச் சொன்னார். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. எனவே ஒன்று செய்கிறேன்.

கையில் பிடிக்கும் கணினி. கடையில் கிடைக்கும் கையகலப் பலகை ஒன்று, சின்னத் திரை, பேட்டரி, ஒரு ஒலிபெருக்கி. முக்கியமாக விசைகள். தொடுதிரையில் நீ ஒருமுறை தொட்டால் அது மூன்று எழுத்து போடுகிறது என்று திட்டியிருந்தாயே, அதற்காக. அமுக்கினால் விரலுக்குத் தெரியும் விசைகள். நீ தட்டியதை அது வாய்விட்டுப் படிக்கும். நான் 'என்ன?' என்று கேட்க வேண்டியிருக்காது.

லிஃப்ட்டுக்கு மின்சுற்றுப் பலகை வரைந்து ஈயம் பற்றவைக்கிறவன் நான். இதுவரை மேலே, கீழே தவிர வேறு விசையை யோசித்ததில்லை. பார்ப்போம்.

முடிந்ததும் எடுத்துக்கொண்டு உன்னை பார்க்க வருகிறேன்.

உன்
ஈயம்


21-11

அன்புள்ள ஈயமே,

உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போல் ஒன்றுதான் பெரிய பிழை. 'உன்னை பார்க்க' இல்லை, 'உன்னைப் பார்க்க'. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கடிதங்களிலேயே அந்த ப்-பைச் சிவப்பில் போட்டுப் போட்டு அலுத்தேன். அதை எங்கேதான் தொலைக்கிறாய்?

அச்சகம் நிறுத்தவில்லை. இப்போது ஒரு நாவல். நாற்பதாம் பக்கத்தில் இறந்துபோன மாமனார் ஐம்பத்திரண்டில் டீ குடிக்கிறார். ஆசிரியருக்கு எழுதிக் கேட்டால், அது நினைவோடை என்கிறார். டீ சூடாக இருந்தது என்று எழுதியிருக்கிறதே என்றேன்.

அண்ணி என்னோடு சத்தம் போட்டுப் பேசுகிறாள். வாய் போனவளுக்குக் காதும் போயிருக்கும் என்று எண்ணம். நேற்று அவள் 'டீ வேணுமா?' என்று கேட்டதற்கு எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து தனக்கு வேண்டாம் என்றார். சிரித்தேன். என் சிரிப்பு மட்டும் பழைய மாதிரியே இருக்கிறது, உனக்குத் தெரியுமா? நீ இங்கே இல்லாததால் தெரியாது.

நீ கருவி செய்வதாக அண்ணனுக்கு எழுதிக் காட்டினேன். 'மாப்பிள்ளை ராக்கெட்டா விடறாரு? பஸ்ல ஏறி வரச் சொல்லு' என்றான். எனக்கும் அதே கருத்து. கருவி மெதுவாக வரட்டும், நீ முதலில் வா. 'என்ன?' என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேள். திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர எனக்கு இங்கே வேறு வேலை இல்லை.

பேனா பிடித்தால் கை சீக்கிரம் சோர்ந்துபோகிறது. ஆகவே இவ்வளவு.

அன்புடன்
சிவப்புப் பேனா


9-1

அன்புள்ள சிவப்புப் பேனா,

தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன், திட்டாதே. கருவிக்கான முதல் பெட்டி முப்பரிமாண அச்சில் வந்தது, மூலையில் விரிசல். இரண்டாவது பெட்டியில் திரை உட்காரவில்லை. மூன்றாவது வழவழவென்று அழகாக வந்தது, ஆனால் பேட்டரிக்கு இடம் விட மறந்துவிட்டேன். அலுவலகத்தில் என்னை 'டப்பா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஈயத்துக்கு இது பதவி உயர்வா, இறக்கமா?

விசைப்பலகைதான் என் பெருமை. அட்டையில் வெட்டி, கட்டம் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பேருந்தில் அந்த வெறும் அட்டையைத் தட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

தமிழில் விரலை அலுக்க வைப்பது புள்ளிதான். வரிக்கு வரி புள்ளி. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு தட்டு என்றால் நீ சோர்ந்துவிடுவாய். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வலப்பக்கம் ஒரு பெரிய விசை. வலக் கட்டைவிரல் அதை அமுக்கிக்கொண்டிருக்கும்போது இடக் கட்டைவிரல் எந்த எழுத்தைத் தட்டினாலும் அது புள்ளியோடு விழும். இரண்டு கையும் சேர்ந்து ஒரே தட்டு. எவ்வளவு மிச்சம் பார்.

அந்த விசையின் அளவை உன்னைக் கேட்காமலே எடுத்துவிட்டேன். வீட்டில் நீ விட்டுப்போன மெய்ப்புத் தாள்களின் ஓரத்தில் உன் வலக் கட்டைவிரல் ரேகை சிவப்பு மையில் பதிந்திருக்கிறது. அந்த அளவுக்கே வார்த்தேன். நிறமும் சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டாலும் உன் விரல் அதில் போய் உட்காரும்.

இன்னும் ஒரு மாதம். உன்னை பார்க்க வரும்போது அது முழுசாக இருக்க வேண்டும்.

உன்
ஈயம்


28-1

அன்புள்ள ஈயமே,

சிவப்பு விசை எனக்குப் பிடித்திருக்கிறது. கடிதத்தில் படிக்கும்போதே பிடித்திருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டியை மூடித் திருகுவதற்கு முன்னால் ஒருமுறை வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் போ. தாளில் உள்ள ரேகை பழையது. கையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, எழுத்தில் வேண்டாம். நேரில் பார்த்தால் உனக்கே தெரியும். நீ அளவெடுக்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை வா. வெறுங்கையோடு வா.

இந்த முறை திருத்தவில்லை. பிறகு ஒரு நாள்.

அன்புடன்
சி.பே.


3-3

அன்புள்ள சிவப்புப் பேனா,

கருவி தயாராகிவிட்டது. கூரியரில் அனுப்பியிருக்கிறேன், பஞ்சு சுற்றி. இப்படி அனுப்புவதற்கு மன்னித்துவிடு. இருபது மாடிக் கட்டிடம் ஒன்றில் எங்கள் லிஃப்ட் பதினோராவது மாடியில் நின்று நின்று போகிறது. இந்த மாதம் முழுக்க அங்கேதான் இருப்பேன். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று உனக்குத் தெரியும். நீ பேசி, எனக்குப் புரியாமல், உன் முகம் சுருங்குவதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ முதலில் இதோடு பழகு. பிறகு நாம் உட்கார்ந்து பேசலாம், முன்பு பேசியதுபோல.

இரண்டு கையாலும் பிடி, புத்தகம் பிடிப்பதுபோல. தட்டி முடித்ததும் கீழே உள்ள நீல விசையை அமுக்கினால் அது படிக்கும். பச்சையை அமுக்கினால் நீ எழுதியது என் மேசைக் கணினிக்கு வரும். தேதியும் தானாக விழும்.

ஞாயிற்றுக்கிழமை வர முடியாமல் போனதற்குக் கோபமா? போன கடிதத்தில் உன் எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அவசரமாக எழுதாதே. சிவப்பு மை ஒரு சொட்டுக்கூட இல்லை. நான் திருந்திவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

சீக்கிரமே உன்னை பார்க்க வருவேன்.

உன்
ஈயம்


14-3

பிரியமான ஈயமே,

இது நானே. இடது கை, ஒரே விரலாலே.

கருவி அழகு. இரு கை உடையவரது கருவி. எனது வலது கை ஜனவரியிலேயே போனது.

பிழையோடு எழுத மனது வராது. எழுதுவதோ ஒரு நொடி, தேடுவதோ ஒரு பகலே.

நீ நினைவிலே காணுவது பழைய கை. அதுவே போதுமே.

நீ வராதே.

நலமாகவே இரு.

நானே


15-3

அன்புள்ள சிவப்புப் பேனா,

முதலில் எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். உன் கடிதத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பிழையும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. புள்ளியே தேவைப்படாத சொற்களாகத் தேடித் தேடி எடுத்திருக்கிறாய். 'அன்புள்ள' என்பதற்குப் புள்ளி வேண்டும். அதனால் 'பிரியமான'.

என் மேசையில் இருக்கும் மாதிரியை எடுத்தேன். வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மன்னிப்பு என்று தட்டினேன். மனனிபபு என்று வந்தது. அதை நீல விசை படித்ததைக் கேட்டேன். என் குரல் அல்ல, உன் குரலும் அல்ல. குழறல் மட்டும் அந்தக் கடைசி அழைப்பில் கேட்டதுபோல இருந்தது.

சாய்ந்த எழுத்து இடக்கை எழுத்து. சிவப்பு மை இல்லாதது திருத்த முடியாததால். 'வந்து என் கையைப் பார்' என்று நீ எழுதியிருந்தாய். நான் உன் ரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நேற்றே உட்கார்ந்து நிரலை மாற்றிவிட்டேன். இனி சிவப்பு விசையை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். எழுத்தைத் தட்டு, பிறகு அதைத் தட்டு, புள்ளி விழும். ஒரு விரல் போதும். கருவியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல், மாற்றம் தானாக வந்துவிடும். இதற்காக யாரும் வர வேண்டியதில்லை.

நீ வராதே என்று எழுதியிருக்கிறாய். அதை மீற எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பேருந்தில் உன்னை பார்க்க வருகிறேன். சொல்.

உன்
ஈயம்


19-3

அணைத்துப் போட்டோம். புள்ளி விழுகிறது.

உன் வேலை சுத்தமாக இருக்கிறது. அண்ணிகூட ஒரு வரி தட்டிப் பார்த்தாள். கருவி படித்ததும், 'இது என்னவிட மெதுவாப் பேசுது' என்றாள். இப்போது அவளும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறாள். அதற்கு உனக்கு நன்றி.

வராதே என்று நான் அனுப்பியதை அண்ணனும் பார்த்தான். 'இதப் படிச்சா மாப்பிள்ளை இப்பவே பஸ் ஏறியிருப்பாரு' என்று சொல்லி வாசல் விளக்கைப் போட்டு வைத்தான். அணைக்கச் சொல்லித் தட்டினேன். அவன் கேட்கவில்லை. விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் நிரல் வந்தது.

ஒரு வார்த்தை சொல் என்கிறாய். நவம்பரில் சொன்னேன். ஜனவரியில் சொன்னேன், இடக்கையால், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து. அந்தக் கடிதத்தில் அவசரம் இருந்தது என்றாய். உண்மைதான், அவசரம்தான்.

உன் கருவியில் 'வா' என்பது இரண்டே தட்டு. புள்ளி வேண்டாம். பழைய நிரலிலேயே முடியும். 'வராதே' அதைவிட நீளம். எனக்கு இருந்தது ஒரு விரல். நான் நீளமான சொல்லை எடுத்தேன்.

பெட்டி வந்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு சிவப்பு விசையில் வலக் கட்டைவிரலைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். இடக்கையால் தூக்கித்தான் வைத்தேன். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. நீ எவ்வளவு நேசித்துச் செய்திருக்கிறாய் என்று தெரிந்தது. யாருக்காகச் செய்திருக்கிறாய் என்றும் தெரிந்தது. அவள் நல்லவள்தான். அவளுக்கு இரண்டு கை இருந்தது, குரல் இருந்தது. நீ அவளோடு அந்த வீட்டிலேயே இரு.

இங்கே இருக்கிறவளுக்கு வேறு கருவி வேண்டாம். விரல் அடங்கும்வரை இது போதும். அதற்குப் பிறகு, கண்ணைப் பார்த்தே புரிந்துகொள்ள அண்ணி பழகிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று என் அறையில், யாருக்கும் அனுப்பாமல், 'அன்புள்ள' என்று தட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது. நீல விசை அதை வாய்விட்டுப் படித்தது. பிறகு அழித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு திருத்தம். உன் எல்லாக் கடிதங்களுக்கும் சேர்த்து. 'உன்னை பார்க்க' இல்லை.

உன்னைப் பார்க்க.

நடுவில் ஒரு ப் வரும்.