மாப்புக்கு மந்திரிப்பு கிடையாதாம்

ஏப்ரல் 22, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஆள் நாளை வருவானாம், போன வாரமும் நாளை என்றுதான் சொன்னான். பிரஷர் 152/94. மாத்திரை போட்டாயிற்று.

மே 1, தொழிலாளிகளின் பாதுகாவலர் சூசையப்பர் திருநாள் பூசைக்கு மன்றாட்டு ஜெபம் எழுத வேண்டும். என் முறை. பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்தவள், எழுதத் தெரியும் என்று கோயிலில் கொடுத்த உத்தியோகம். எழுதுவதும் நானே, வாசிப்பதும் நானே.

மத்தியானம் எதிர் வீட்டு லூர்து வந்தாள். ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாகத் துப்புரவு வேலை. மே 1 முதல் புது ஒப்பந்தம், புதுக் கொந்திராக் கம்பெனி வருகிறது. பழைய ஆட்களுக்குப் புதிய கடிதம் கொடுத்திருக்கிறார்கள்: பழைய வருஷமெல்லாம் கணக்கில் இல்லை, நேற்றுச் சேர்ந்தவள் மாதிரி மூன்று மாதம் பரீட்சை. அதிலும் ஆறு பேருக்குக் கடிதமே இல்லை. அந்த ஆறு பேரும் போன மாதம் கேட் முன்னால் யூனியன் அட்டை பிடித்து நின்றவர்கள். லூர்து அதில் ஒருத்தி.

"வாயத் தொறக்காதவங்களுக்கு வேலை, தொறந்தவங்களுக்கு வீடு. அவ்ளோதான்க்கா."

அழவில்லை. டீ குடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள்: "மே ஒண்ணு மந்திரிப்புக்கு நான் தரை தொடைக்கிற மாப்பக் கொண்டு வரலாமாக்கா?"

வருஷா வருஷம் அன்றைக்குப் பூசை முடிவில் அவரவர் தொழில் கருவியைப் பீடத்தின் முன் கொண்டுவருவார்கள், ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். லோரிச் சாவி, தையல் கத்தரி, டாக்டரின் ஸ்டெதஸ்கோப், போன வருஷம் ஒரு லேப்டாப். மாப்பு வந்ததே இல்லை. ஏன் வரவில்லை என்று எனக்கும் இத்தனை வருஷம் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தாராளமாகக் கொண்டு வா என்றேன். நான் யார் சொல்ல?

ஏப்ரல் 24, புதன்

லூர்துவோடு நகரத்துக்கு, பிரிக்பீல்ட்ஸ். கோமுட்டர் ரயில் நாற்பது நிமிஷம் தாமதம், ஏர்கான் மட்டும் ஜன்னி வருகிற அளவுக்கு. யூனியன் ஆபீஸ் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. தொழிலாளிக்காகவே வாழ்கிறவர்கள் தொழிலாளியின் முழங்காலைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

லூர்துவின் வழக்கைப் பார்ப்பவர் சிவா. முப்பத்தைந்து வயது, தாடி, சட்டைப் பையில் மூன்று பேனா. எந்தச் சாமியையும் கும்பிடுவதில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போவாராம், தண்ணீர்ப் பந்தலில் நிற்க. தொழிலாளர் இலாகாவுக்கு ஆறு பேர் சார்பிலும் மனுக் கொடுத்துவிட்டார். மே 1 காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டில் எல்லோரும் கூட வேண்டும்.

"எட்டு மணிக்குப் பூசை இருக்கு. முடிச்சிட்டு வந்துர்றேன் தம்பி" என்றாள் லூர்து.

சிவா சிரித்தார். "அக்கா, மே தினம் எங்களோடது. ஐம்பதுகள்ல கம்யூனிஸ்டுக்குப் போட்டியா ஒங்காளுங்க சூசையப்பரக் கொண்டாந்து அதே தேதியில ஒக்கார வச்சாங்க. தெரியுமா? கோயில்ல முட்டி போட்டா கம்பெனி கடிதம் குடுத்துருமா லா?"

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்தே போயிருப்பேன். மூன்று மாடி இறங்க வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

லூர்து நிதானமாகச் சொன்னாள்: "நீங்க சாமி கும்பிடலன்னு நான் ஒங்க கூட்டத்துக்கு வராம இருந்தேனா, தம்பி?"

சிவா எழுந்தார். கீழே போய் எங்களுக்குத் தே தாரிக் வாங்கி வந்தார். ஆளைப் பிடிக்கவில்லை, டீ நன்றாக இருந்தது.

ரயிலில் லூர்து தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்தால்?

ஏப்ரல் 26, வெள்ளி

குழாய்க்காரன் வரவில்லை.

ஃபாதரிடம் நேரே கேட்டேன், திருநாளைப் போட்டிக்குத்தான் வைத்தார்களா என்று. மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"ஆமா செசிலிக்கா. தொழிலாளிங்க எல்லாம் அந்தப் பக்கம் போயிறக் கூடாதுங்கிற எண்ணமும் இருந்துச்சு."

சரி. போட்டிக்கு வைத்தது என்றால் போட்டி போட வேண்டாமா? அவர்கள் கேட்டில் நிற்கிறார்கள். நாம் எங்கே நிற்கிறோம்? தேதியைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோமே ஃபாதர் என்றேன். புன்னகைத்தார். நல்ல மனிதர். அந்தப் புன்னகையைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன்:

"பதினான்கு ஆண்டுகள் உழைத்தும், நியாயம் கேட்டதற்காக வேலை இழந்த மருத்துவமனைத் துப்புரவுப் பெண்களுக்காகவும், அவர்களை விலக்கியவர்கள் மனம் மாறவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. இரண்டு கட்டைவிரல். பிறகு பெனடிக்டிடமிருந்து "ஞாயிறு கூட்டத்தில் பேசுவோம்." எங்கள் கோயிலின் பங்குப் பேரவைத் தலைவர், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். இனி பெ. என்றே எழுதுவேன், அவருக்கு இவ்வளவு மை போதும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பிரஷர் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது.

பூசைக்குப் பின் கூட்டம். பெ. என் மன்றாட்டைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார், சிவப்புப் பேனாவால் கோடு போட்டு.

"இது ஜெபமா, நோட்டீஸா? இது கம்யூனிஸ்ட் பேச்சும்மா. நாளைக்குப் போலிஸ் வந்து கேட்டா யார் பதில் சொல்றது? நீங்களா?"

நானே சொல்கிறேன் என்றேன். காதில் வாங்கவில்லை. அடுத்து மாப்பு, லூர்து கொண்டு வருவாள் என்று நானே சொன்னேன்.

"பீடத்துக்கு முன்னால கக்கூஸ் கழுவுற சாமானா? அதோட, ஒண்ணாம் தேதி அந்தம்மாவுக்கு வேலையும் இருக்காதே. வேலை இல்லாதவங்களுக்குக் கருவி எதுக்கு?"

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் மேசையைப் பார்த்தார், ஒருவர் போனைப் பார்த்தார். ஃபாதர் மட்டும் வாயைத் திறந்தார்: "மன்றாட்டக் கொஞ்சம் மென்மையா எழுதிக்கலாமே." மாப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேயே பெ. எழுதிக் கொடுத்த மாற்று: "உழைப்பாளிகள் அனைவரும் நேர்மையுடனும் நன்றியுடனும் பணிபுரிய வேண்டுமென்று..." நன்றியாம். பதினான்கு வருஷம் இரத்தமும் வாந்தியும் துடைத்தவள் இன்னும் யாருக்கு நன்றி பாக்கி வைத்திருக்கிறாள்?

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு பூசையில் முதல் வாசகம் என்ன? ஆதிச் சபையார் எதையும் என்னுடையது என்று சொல்லாமல் எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார்கள், அவர்களில் ஏழை என்று ஒருவரும் இல்லை. அதை வாசித்தது யார்? இதே பெ. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரலை ஏற்றி இறக்கி. அப்போது போலிஸ் பயம் இல்லை. மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை என்று எழுதப் போனேன், காலண்டரைப் பார்த்தால் சரியாக மூன்று வாரம்.

கம்யூனிஸ்ட் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குப் புதிதும் இல்லை. அப்பா தோட்டத்து ஜெபக்கூடத்தில் உபதேசியார். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு அரிசி போதவில்லை என்று துரையிடம் போய்க் கேட்டார். கம்யூனிஸ்ட் என்று துரை சொன்ன ஒரு சொல்லுக்கு மூன்று வாரம் போலிஸ் காவல். காட்டில் இருந்தவர்களோ அவரை வெள்ளைக்காரன் கோயில் எடுபிடி என்றார்களாம். இரண்டு பக்கமும் ஏச்சு. வெளியே வந்தபின் செபமாலை சொல்லிவிட்டு அப்படியே யூனியன் கூட்டத்துக்குப் போவார். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

மகள் அம்பாங்கிலிருந்து போன். "அம்மா, வாட்ஸ்அப்ல சண்டை போடாதீங்கம்மா." நேரில் போட்டுவிட்டு வந்தேன் என்றேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

மூன்று மணிக்கு இடியோடு மழை. குழாய்க்காரன் அந்த மழையில் வந்து சரிசெய்து போனான். அதிசயம்.

லூர்துவுக்கு இன்று கடைசி நாள். சீருடை, பெயர் அட்டை, லாக்கர் சாவி எல்லாம் ஒப்படைத்துவிட்டாள்.

"மாப்ப மட்டும் குடுக்கல. அது என்னோடது." கம்பெனி மாப்பு இரண்டு வாரத்தில் தலை உதிர்ந்துவிடும் என்று சொந்தமாக வாங்கி வைத்திருந்தது. கைப்பிடியில் பச்சை டேப் சுற்றியிருக்கிறது, வார்டில் யாரும் மாற்றி எடுக்காமலிருக்க.

கூட்டத்தில் நடந்ததைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாசலில் வைத்து யாராவது தடுத்தால் அவமானம் என்று பயந்து முழுவதும் சொல்லிவிட்டேன், பெ. சொன்ன வார்த்தை உட்பட.

கேட்டுக்கொண்டிருந்தாள். "கடைசி ஆளா நிக்கிறேன்க்கா. தள்ளி விட்டா அப்பப் பாத்துக்கலாம். நீங்க ஒங்களோடத வாசிங்க."

வாசிப்பேன் என்றேன்.

மே 1, புதன்

வாசிக்கவில்லை.

இரண்டு தாளும் கையில் இருந்தன. முன் வரிசையில் பெ., கைகட்டி. ஃபாதர் என்னைப் பார்க்காமல் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். வாய் தானாக "நேர்மையுடனும் நன்றியுடனும்" என்றது. சபை முழுக்க "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பின்வரிசையில் லூர்து. அவளும் சொல்லியிருப்பாள். அறுபத்தொரு வயது, ரிட்டையர் ஆகியாயிற்று, என்னை யாரால் என்ன செய்துவிட முடியும்? எதற்குப் பயந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பிறகு மந்திரிப்பு. லோரிச் சாவி ஐந்தாறு. ஸ்டெதஸ்கோப் இரண்டு. கத்தரி. சமையல்காரர் ஒருவர் பெரிய கரண்டியோடு. கடைசியில் லூர்து, வெள்ளைச் சேலை, வலக்கையில் மாப்பு, இடக்கையில் வாளி. அவள் முன்னால் வந்தபோது தீர்த்தச் செம்பு காலி. பெ. எழுந்தே விட்டார்: "முடிஞ்சிருச்சு ஃபாதர், முடிச்சிக்கலாம்."

லூர்து மாப்பைத் தூணில் சாய்த்துவிட்டு வாளியோடு பக்கவாசல் குழாய்க்குப் போனாள். நிரப்பினாள். ஆஸ்பத்திரி கேட்டுக்குக் கூட்டிப்போகக் காரோடு வந்த சிவா அங்கே நின்றுகொண்டிருந்தார். வாளி கனம் என்று அவரே வாங்கித் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு. எங்கள் கோயிலில் அது வழக்கமில்லை. கும்பிடாத மனிதர் வெறுங்காலோடு பீடம்வரை வந்து வாளியை ஃபாதர் காலடியில் வைத்தார்.

ஃபாதர் பெ.யைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தண்ணீரை மந்திரித்தார். அள்ளி மாப்பின்மேல் தெளித்தார், லூர்துமேல் தெளித்தார், எங்கள்மேலும் தெளித்தார். செம்பில் சொட்டுச் சொட்டாகத் தெளிப்பவர் இன்று கை நிறைய அள்ளி வீசினார். எனக்கு அழுகை வந்தது. அத்தோடு முடிந்திருக்கலாம்.

எல்லோரும் கலைகிற நேரம். தரையெல்லாம் ஈரம். பெ.க்குக் கால் வழுக்கி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். திரும்பி லூர்துவிடம்:

"யம்மா, கையில மாப்பு இருக்குல்ல. இதக் கொஞ்சம் தொடச்சிடு. ஆளுங்க விழுந்துடப் போறாங்க."

குரலில் துளி வன்மம் இல்லை. அவருக்கு அது இயல்பாக வந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை, எழுதும்போது இப்போதும் ஆறவில்லை.

லூர்து மாப்போடு அவர் பக்கம் போனாள். "எனக்குத்தான் இப்ப வேலை இல்லையே, சார்."

மாப்பை அவர் கையில் வைத்தாள். "மந்திரிச்சது. நல்லா புழிஞ்சிட்டுத் தொடைங்க."

போய்விட்டாள். நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் காரில் ஏறினேன்.

கேட்டில் முப்பது நாற்பது பேர், நல்ல வெயில். சிவா மைக்கை நீட்டினார்: "செசிலிக்கா, ரெண்டு வார்த்த." எனக்குக் கோஷம் போடத் தெரியாது. பையிலிருந்த பழைய தாளை எடுத்து வாசித்தேன், "மனம் மாறவும்" வரை, "மன்றாடுகிறோம்" வரை. ஆறு பேரில் நான்கு பேர் இந்துக்கள், கைகூப்பி நின்றார்கள். லூர்து மட்டும் சத்தமாகப் பதில் சொன்னாள். சிவா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

இதைத் தைரியம் என்று எழுதிக்கொள்ள மாட்டேன். வாசிக்க வேண்டிய இடம் அது இல்லை.

மே 2, வியாழன்

வெயில். பிரஷர் 148/90.

காலையில் பெ. போன். மாப்பை வந்து எடுத்துக்கொண்டு போக லூர்துவிடம் சொல்ல வேண்டுமாம்.

"தரையத் தொடச்சீங்களா?"

"ஃபாதர்கிட்ட குடுத்துட்டேன்."

"ஃபாதர்?"

"அவருதான் தொடச்சாரு."

அதன் சொந்தக்காரிக்கு வேலை கிடைக்கும்போது வந்து எடுத்துக்கொள்வாள், அதுவரை பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

லூர்துவுக்குக் கடிதம் வரவில்லை. இலாகாவில் அடுத்த மாதம் கூப்பிடுவார்களாம்.

ஞாயிறு மன்றாட்டு என் முறை இல்லை. ஃபாதருக்குப் போன் செய்து, நான் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். என்ன எழுதப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. சரி என்றார். கேட்டில் வாசித்த அதே வாக்கியம், ஒரு எழுத்தும் மாறவில்லை. குழுவில் போடவில்லை. பெ. எழுதிய மற்றத் தாளைக் கிழித்தாயிற்று, கையில் இரண்டு இருந்தால் எனக்கு ஆகாது.