ஸ்டெல்லா சொன்ன ரேடியோ படம்

தாம்பரம், ஆகஸ்ட் 1971, வியாழன் இரவு

பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா, அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது, யாரும் எடுக்கவே மாட்டாத விஞ்ஞானப் படங்களுக்குக் கதை சொல்லுவாள். நாங்கள் குடத்தை மறந்து சிரிப்போம். போன வாரம் ஓர் இரும்பு மனிதன். பகலெல்லாம் ஆபீசில் ஃபைல் பார்ப்பான். ராத்திரி ரசத்தில் உப்புக் குறைந்தால், அவன் கை தானாகச் சுழன்று எதிரில் இருப்பதை நொறுக்கும். பீரங்கிக்கும் அடங்காதவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்தால் மட்டும் பெட்டிப்பாம்பு.

இன்று அவள் உதடு கிழிந்திருந்தது. இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"இன்னாம்மா இது?" என்றாள் கீரைக்காரி.

"பறக்கும் தட்டு இடிச்சிடுச்சு." சிரித்ததில் உதட்டில் மறுபடியும் ரத்தம். "புதுப் படம் கேளுங்க. ஒரு அக்கா வீட்ல அதிசய ரேடியோ. சந்திரன்ல ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். அடுத்த வீட்ல எலும்பு ஒடைஞ்சா மட்டும் கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னையே பார்த்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஸ்டெல்லாவின் புருஷன் அவளை அதில் மோதும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். நான் தடுத்ததில்லை.

சற்று முன்பும் கூட்டினார். "அது அவங்க குடும்ப விஷயம், நீ படு" என்றார். சுவரில் காலண்டர் ஆடியது. நான் எழுந்து போய் ரேடியோவை அணைத்தேன்.

இப்போது எல்லாம் கேட்கிறது.

அம்மிக் குழவியை எடுத்து வைத்திருக்கிறேன். கதவை அவன் திறக்காவிட்டால் உடைப்பேன்.