கருப்பருக்கு நேர்ந்த சேவல்

திலகவதி அப்பாவுக்குப் பொன்னுத்தாய் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே விராலிமலைப் பண்ணையில் கோழிகளுக்கெல்லாம் இருமல். முட்டை ஓடு சுருங்கி வருகிறது. பயப்படாதீர்கள், ஆளுக்கு ஒட்டாதாம்.

"இது கோழிக்கு வர்ற கொரோனா, ஆத்தா. நம்ம போட்ட ஊசி பழைய கிருமிக்கு. இது எங்கிட்டோ உருமாறி, முட்டை அடுக்குற அட்டையோட இங்கிட்டு வந்துருக்கு" என்றார் கோழி டாக்டர்.

"எங்க செவந்தி மாதிரின்னு சொல்லுங்க. வருசத்துக்கு ஒரு மூஞ்சியோட வருவா" என்றேன். உங்கள் தம்பி பெண்டாட்டிதான். நம் மகள் திலகவதி கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடாதவளை மறப்பேனா?

கோழி வளர்க்கும் வீட்டுக்குப் போய்வந்தால் பண்ணைக்குள் விடமாட்டார்கள். நம் வீட்டிலும் சேவல் இருக்கிறது; அது கருப்பருக்கு நேர்ந்தது, விற்கவும் கூடாது. அதனால் படையலுக்கு நம் ஊர் ஆவுடையார்கோவிலுக்கு வர முடியாது. என் பங்குக் கறியைச் செவந்திக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தைலமும் போர்வையும் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். தீவனம் போடக் கூப்பிடுகிறார்கள். இத்தனை ஆயிரம் கோழியும் பெட்டை, கூவ ஒன்றுகூட இல்லை. படையல் வரைக்கும் தினமும் விடியற்காலையில் எனக்குப் போன் போடுங்கள். நீங்கள் பேச வேண்டாம், போனைச் சேவல் பக்கத்தில் பிடித்தால் போதும்.

பொன்னுத்தாய்